ஒன்பது அரசர்களும் பதினான்கு அறைகளும்

பிம்ரோலி சமஸ்தானத்தை ஆண்டவர்கள் ஒன்பது பேர். அங்கிருந்த அரண்மனையில் அறைகள் பதினான்கு. மலேசியாவில் ஈப்போவை ஒட்டிய சிம்பாங் பூலாயில் தானுண்டு தன் வீடுண்டு என்றிருந்த பியாட்ரிஸ் டீச்சரைப் பிடித்து ஆட்டிய வினை, இந்த ஐந்து அறை இடைவெளியில்தான் முளைத்தது.

டீச்சருக்கு வயது ஐம்பத்தொன்பது. காம்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். ஈப்போவில் ஓர் இடைநிலைப் பள்ளியில் முப்பது வருடம் சரித்திரம் சொல்லிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றிருந்தார். ஓய்வு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். மகள் ஜோவான் கோலாலம்பூரில் கம்பெனிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுப்பவள். எழுத்து வேலை எது வந்தாலும் அதை அம்மா தலையில் கட்டிவிடுவாள். அப்படித்தான் டீச்சர் ஒரு மெத்தைக் கடையின் வரலாற்றையும் ஒரு பல் மருத்துவமனையின் வரலாற்றையும் எழுதி முடித்திருந்தார். மூன்றாவதாக வந்தது சமஸ்தானம்.

"மம்மி, இது உங்களுக்குன்னே வந்த வேல," என்றாள் ஜோவான் போனில். "குஜராத்துல ஒரு சின்ன சமஸ்தானம். இப்ப இருக்கற வாரிசு அரண்மனைய ஹோட்டலாக்குறாரு. ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு ராஜா பேரு. ரூம் வாசல்ல அந்த ராஜாவப் பத்தி ஒரு அட்டை மாட்டணுமாம். இங்கிலீஷ்ல அழகா எழுதித் தரணும்."

"எவ்ளோ சின்ன சமஸ்தானம்?"

"அத மட்டும் அவரு சொல்லல மம்மி. நைசா விட்டுட்டாரு."

வாரிசின் பெயர் கிஷோர்சிங். ராஜ்கோட்டில் குளியலறைக்கு ஓடு விற்கிறவர். அரண்மனைப் பெட்டியில் கிடந்த பழைய காகிதங்களை எல்லாம் படம் பிடித்து அனுப்பியிருந்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் வருடா வருடம் வந்து பார்த்து எழுதிய அறிக்கைகள், கரையான் தின்று மிச்சம் வைத்த வம்சாவளி, கடிதங்கள் என்று நானூறு பக்கம் தேறியது. டீச்சர் சமையல்கட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் படித்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னங்க, இங்க வாங்களேன்," என்று கணவரைக் கூப்பிட்டார். "இந்த ராஜ்ஜியம் மொத்தமே ரெண்டர சதுர மைலாம். ரெண்டே ரெண்டு கிராமம். ஜனத்தொக அறுநூத்திப் பன்னெண்டு."

ஈப்போவுக்கும் காம்பாருக்கும் இடையே பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற செபாஸ்டியன், கையில் இருந்த கோப்பியை மேசையில் வைத்தார். "ரெண்டர மைலா? நம்ம தோட்டம் அத விட பெருசுலா! நம்ம தொரைக்கு ஜீப்பு இருந்துச்சு. இவருக்கு என்னா இருந்துச்சு?"

"குதிரப்படை இருந்துச்சு. நாலு வீரங்க, மூணு குதிரை."

"நாலாவது ஆளு?"

"பின்னால நடந்து போயிருப்பான் போல."

ஆனாலும் படித்து முடித்தபோது அந்த ஒன்பது பேர் மீதும் டீச்சருக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. முதல் தாக்கோர், அதாவது அரசர், வாஜேசிங் பக்கத்துச் சமஸ்தானத்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, மாடுகள் நின்ற இடத்தையே ராஜ்ஜியம் என்று அறிவித்தவர். நாலாமவர் காலத்தில் ஒரே ஒரு போர் நடந்திருக்கிறது. எருமை ஒன்று எல்லை தாண்டியதற்காகக் காலையில் தொடங்கிய அந்தப் போர், மதியச் சாப்பாட்டு வேளையில் இரு தரப்பும் சம்மதித்து முடிந்தது. ஏழாமவர் இங்கிலாந்து அரசரைப் பார்க்க 1911இல் பம்பாய்த் துறைமுகம் வரை போனார். கூட்டத்தில் கப்பலின் புகைபோக்கி மட்டும் தெரிந்தது. அதையே சாகும் வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பதாமவர் 1948இல் ராஜ்ஜியத்தைப் புதிய அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இந்தப் பேனாவை நான் வைத்துக்கொள்ளலாமா?" என்று அதிகாரியிடம் கேட்டிருக்கிறார். அதிகாரி அதையும் அறிக்கையில் எழுதி வைத்திருந்தார். பேனா கிடைத்ததா இல்லையா என்பதை எழுதவில்லை.

டீச்சர் ஒன்பது அட்டைகளை எழுதி அனுப்பினார். மறுநாளே கிஷோர்சிங் வீடியோ அழைப்பில் வந்துவிட்டார். ஒல்லியான மனிதர், முறுக்கு மீசை, முதுகுக்குப் பின்னால் சுவர் முழுக்க மாதிரி ஓடுகள். இங்கிலீஷில் மிகப் பணிவாகப் பேசினார்.

"மேடம், படித்துவிட்டு அழுதுவிட்டேன். மீதி ஐந்து எப்போது வரும்?"

"மீதி இல்லையே. அரசர்கள் ஒன்பது பேர்தான்."

"அறைகள் பதினான்கு மேடம்."

"அதற்கு நான் என்ன செய்வது?"

கிஷோர்சிங் மீசையைத் தடவினார். "1720க்கு முன்னால் காகிதம் இல்லை. சரி. ஆனால் அதற்கு முன்னாலும் அங்கே மண் இருந்தது, மக்கள் இருந்தார்கள். யாராவது ஆண்டிருப்பார்கள் அல்லவா?"

"இருக்கலாம். ஆதாரம் இல்லை."

"ஆதாரம் இல்லை என்பதற்காக அந்தப் பாவப்பட்டவர்கள் வாழாமல் போய்விடுவார்களா மேடம்?"

ஆதாரம் இல்லாமல் எழுதிய பிள்ளைகளுக்கு முப்பது வருடம் முட்டை போட்ட கை அது. முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். டீச்சர் "யோசிக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், ஒன்பது பேரையும் எழுதி முடித்த பிறகு அவருக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. பிறர் பிறந்த தேதியையும் செத்த தேதியையுமே வாழ்நாள் எல்லாம் சொல்லி வந்தவருக்கு, ஒரே ஓர் அரசரையாவது தாமே பெற்று வளர்க்க வேண்டும் என்று ஓர் ஆசை எங்கோ ஒளிந்து கிடந்திருக்கிறது.

அரசர்களை எங்கே போய்ப் பிடிப்பது? தெரிந்தவர்களில்தான் பிடித்தார். விசில் ஊதியே பள்ளிக்கூடத்தை நடத்திய பழைய தலைமையாசிரியர், கொம்பு ஊதியே ராஜ்ஜியத்தை நடத்திய பத்தாம் அறை அரசரானார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிக்கொண்டே முழங்கால் வலியை வைத்து மழை வருவதைச் சொன்ன மண்டோர் கார்த்திகேசு, பன்னிரண்டாம் அறைக்குப் போனார். கிடாயிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் எதையும் செய்த ரப்பர் பால்மரம் வெட்டும் இராமசாமிக்குப் பதின்மூன்றாம் அறை. சொந்தப் பல்லைக் காட்டவே மாட்டாத பல் வைத்தியர் தர்மா, வாழ்நாளில் சிரித்தே பார்க்காத பதினான்காம் அறை அரசர்.

பதினோராம் அறைக்கு டீச்சர் வெளியே தேடவில்லை. கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். செபாஸ்டியன் காலை நீட்டி உட்கார்ந்து கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

செபாஸ்டியனுக்கு ஒரு குணம் உண்டு. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்ற சொல் அவர் வாயில் வராது. வீட்டு ஏணி எதிர்வீட்டுத் தனேஸ்வரனிடம் இருந்தது. துளை போடும் மெஷின் மூலைவீட்டுச் சீனரிடம். தள்ளுவண்டி கோயிலில், அதாவது மாதா கோயிலில். சொந்த வீட்டு விளக்கை மாற்ற டீச்சர் எதிர்வீட்டில் போய்ச் சொந்த ஏணியை இரவல் கேட்க வேண்டியிருந்தது. இதைப் பற்றி அவர் முப்பத்து நாலு வருடமாகப் புலம்பி வந்தார். ஆனால் அன்று மத்தியானம் விரல்கள் தாமாக வேறு விதமாக எழுதின:

'தாக்கோர் தேஜ்மால், குதிரைவால் மீசைக்காரர். இவரிடம் கேட்டு இல்லை என்று திரும்பியவர் யாரும் கிடையாது. சால்வையைக் கேட்டவனுக்குச் சால்வை. குதிரையைக் கேட்டவனுக்குக் குதிரை. ஒருநாள் குயவர்கள் வந்து அரண்மனை வெளிமுற்றத்துக் கிணற்றைக் கேட்டார்கள். அன்று முதல் அது குயவர்களின் கிணறு. உங்களுக்கு என்று என்ன மிச்சம் என்று ராணி கேட்டபோது, கேட்க வருகிறவர்கள் மிச்சம் என்றார்.'

முதலில் 'என்று சொல்லப்படுகிறது' என்று முடித்திருந்தார். வாசிக்கும்போது அது வாக்கியத்தின் அழகைக் கெடுத்தது. அடித்துவிட்டார். ஐந்து அட்டைகளும் வந்ததும், நானூறு பக்கத்தில் எங்கோ தேடிப் பிடித்துவிட்டார் என்றே கிஷோர்சிங் நம்பிக்கொண்டார்; டீச்சர் திருத்தவில்லை.

நவம்பரில் ஹோட்டல் திறந்தது. ஜோவான் படங்கள் அனுப்பினாள். பதினான்கு கதவுகள், பதினான்கு அட்டைகள், ஒவ்வொன்றின் தலையிலும் பிம்ரோலி அரச முத்திரை. புதிதாகக் கல்யாணமானவர்கள் எல்லோரும் பதினோராம் அறையைத்தான் கேட்கிறார்களாம். டீச்சருக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது. செபாஸ்டியனிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

நாலு மாதம் கழித்து கிஷோர்சிங்கிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

'மேடம், வணக்கம். வெளிமுற்றத்துக் கிணற்றுக்கு நான் கதவு வைத்துப் பூட்டினேன். குயவர் தெருவில் நாற்பது வீட்டார் சேர்ந்து வழக்குப் போட்டிருக்கிறார்கள். தாக்கோர் தேஜ்மால் அந்தக் கிணற்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டார் என்பது அவர்கள் வாதம். சாட்சியாக என் அறை அட்டையையே படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். என் முத்திரையோடு. தேஜ்மாலைப் பற்றிய மூலக் காகிதம் நான் அனுப்பியதில் எந்தப் பக்கம்? வக்கீல் கேட்கிறார்.'

டீச்சர் போனைக் கவிழ்த்து வைத்தார். கழுவி வைத்திருந்த சட்டிகளை எடுத்து மறுபடியும் கழுவினார். இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் இன்னொரு செய்தி: 'ஓடுகள் கண்காட்சிக்குக் கோலாலம்பூர் வருகிறேன். சனிக்கிழமை ரயிலில் ஈப்போ வந்து உங்களை நேரில் பார்க்கிறேன்.'

"மம்மி, உண்மைய சொல்லிடுங்க," என்றாள் ஜோவான். "நீங்கதான் எங்களுக்கு அத சொல்லிக் குடுத்தீங்க."

"சொல்லிக் குடுக்கறது சுலபம்டி," என்றார் டீச்சர்.

சனிக்கிழமை காலை செபாஸ்டியனிடம் "குஜராத்துலேருந்து ஒரு கிளையண்டு வாராரு, ஸ்டேசன்ல போய் ஏத்திட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, டீச்சர் சமையலில் இறங்கினார். கோழிப் பிரட்டல், பருப்பு, நெத்திலி சம்பல், பாகு ஊற்றிச் சாப்பிடச் சவ்வரிசிச் சாகோ. பயத்தில் கை இரண்டு மடங்கு வேலை செய்தது.

ஸ்டேசன் இருபது நிமிடத் தொலைவு. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் வேன் வந்தது. இறங்கிய கிஷோர்சிங்கின் வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கறை. கையிரண்டிலும் எண்ணெய்.

"வழியில ஒருத்தரு காடி ஸ்டார்ட் ஆகாம நின்னாரு பியா," என்றார் செபாஸ்டியன். "பாவமா இருந்துச்சு. தம்பிதான் பின்னால தள்ளுச்சு. நல்ல பலம்லா இந்தத் தம்பிக்கு!"

"அவரு தம்பி இல்லங்க, தாக்கோர் சாகேப்."

"அப்படியா? ஒண்ணும் சொல்லலயே. தள்ளுங்கன்னேன், தள்ளிட்டாரு."

சாப்பிடும்போது டீச்சருக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கிஷோர்சிங் மட்டும் கோழியை ரசித்துச் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து வழக்குக் காகிதங்களை எடுத்து மேசையில் பரப்பினார்.

"மேடம், தேஜ்மால். எந்தப் பக்கம்?"

டீச்சர் முந்தானையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார். "எந்தப் பக்கத்திலும் இல்லை. தேஜ்மால் என்று ஒருவர் இருந்ததில்லை. அந்த ஐந்து பேரையும் நானாகத்தான் எழுதினேன்."

கிஷோர்சிங் காகிதங்களைத் தள்ளி வைத்தார். "ஆனால் மேடம், அவர் அவ்வளவு உயிரோடு இருக்கிறாரே? மீசை, ராணியிடம் சொல்லும் பதில்... அதையெல்லாம் எங்கிருந்து எடுத்தீர்கள்?"

டீச்சர் கையை நீட்டிக் காட்டினார். "ஸ்டேசனில் உங்களை ஏற்றிக்கொண்டு வந்தாரே, அவர்தான். என் வீட்டுக்காரர்."

செபாஸ்டியனுக்குப் பஸ் இங்கிலீஷ் தெரியும். கிங், ஹஸ்பண்ட் என்ற இரண்டும் காதில் விழுந்திருந்தன. "என்னா நடக்குது இங்க?" என்றார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டே தமிழில் எல்லாவற்றையும் சொன்னார். அறை, அட்டை, மீசை, கிணறு, வழக்கு.

"அலாமாக்!" செபாஸ்டியன் தலையில் கை வைத்தார். "என்னைய ராஜாவாக்கிட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே! எத்தன வருசம் ஆண்டேன்?"

"இருபத்தோரு வருசம்."

"அவ்ளோதானா?"

அந்த நேரம் பார்த்து வாசல் கேட்டில் தனேஸ்வரன் தலை தெரிந்தது. "அண்ணே, தண்ணி அடிக்கிற மெசின் இருக்கா? கார் கழுவணும்."

"உள்ளாற இருக்கு, எடுத்துக்க. ஒயரு கொஞ்சம் லூசு, பாத்து."

தனேஸ்வரன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனதைக் கிஷோர்சிங் வாய் பிளந்து பார்த்தார். "பதினோராம் அறை," என்று தமக்குள் முணுமுணுத்தார். பிறகுதான் கோபம் வந்தது. "மேடம், நீங்கள் சரித்திர ஆசிரியர்! வக்கீலிடம் நான் என்ன சொல்வேன்? என் முன்னோர் ஈப்போவில் பஸ் ஓட்டினார் என்றா?"

டீச்சருக்கு முகம் சிவந்தது. "நீங்கள் கேட்டீர்கள், நான் கொடுத்துவிட்டேன். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த வீட்டில் இல்லை என்று சொல்லத் தெரியாதவர் அவர் ஒருவர்தான் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்." மேசையில் இருந்த மடிக்கணினியை எடுத்தார். "தப்பு என்னுடையது. என்ன செய்யச் சொல்கிறீர்களோ செய்கிறேன்."

"ஒரு கடிதம். தேஜ்மால் கற்பனை என்று கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். வழக்கு அத்தோடு விழுந்துவிடும்."

"தருகிறேன்," என்று டீச்சர் மடிக்கணினியைத் திறந்தார்.

இதற்குள் செபாஸ்டியன் வழக்குக் காகிதத்தில் இருந்த கிணற்றுப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டார். "பியா, தம்பிகிட்ட ஒண்ணு கேளு. நாப்பது வீடு தண்ணி எடுக்குது. நல்ல கெணறு. எதுக்குப் பூட்டுனாரு?"

டீச்சர் கேட்டார். கிஷோர்சிங் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். விடிந்தும் விடியாமலும் குயவர் தெருப் பெண்கள் வந்துவிடுவார்கள். கயிறு ஓடும் கிணற்றுச் சகடை போடும் சத்தம், யானை பிளிறுவது போல இருக்கும். விருந்தாளிகள் தூங்க முடியவில்லை என்று இணையத்தில் எழுதிவிடுகிறார்கள். ஒருவர் இரண்டே நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்.

டீச்சர் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் செபாஸ்டியன் வீடு அதிரச் சிரித்தார்.

"இதுக்கா கேசு? கிரீஸ் போட்டா போதும்லா! பஸ்ஸுல வீல் பேரிங் கத்துனா, பஸ்ஸையா பூட்டி வைப்போம்?" அவர் எழுந்து கொல்லைப்புறம் போய், இரவல் போகாமல் தப்பியிருந்த ஒரு கிரீஸ் டப்பாவோடு வந்தார். மேசையில் காகிதங்களுக்கு நடுவே அதை வைத்தார். "சகடைய கழட்டி, மண்ணெண்ணெயில கழுவி, இத வைக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ."

கிஷோர்சிங்குக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. டப்பாவைப் பார்த்தார். செபாஸ்டியனைப் பார்த்தார். ஆனாலும், "கடிதம் வேண்டும் மேடம்," என்றார்.

டீச்சர் தட்டிக்கொண்டிருந்தார். முதல் பத்தி முடிந்துவிட்டது. இனி இந்தக் கிணற்றைப் பற்றிப் பழைய காகிதங்களில் எதுவுமே இல்லை என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்கு முன் கை நின்றது. இல்லை என்று எழுதுவதற்கும் தேடிப் பார்க்க வேண்டும் அல்லவா? ஏற்கெனவே ஒருமுறை தேடாமல் எழுதித்தான் இந்தக் கதி. "கொஞ்சம் பொறுங்கள்," என்று அந்த நானூறு பக்கங்களையும் திறந்து, வரி வரியாகத் தள்ளிக்கொண்டு போனார். ராஜாக்களைப் பற்றிய பக்கங்களில் ஒன்றும் இல்லை. அறிக்கைகளின் வாலில், சாலை, சாக்கடை, ஆட்டு நோய் என்று முதல்முறை சலிப்பில் தாண்டிப் போன இடங்களில் கிணறு இருந்தது.

முதலில் 1893: 'குடிக்க வெளிமுற்றக் கிணறு ஒன்றே. ஊரார் எல்லோரும், குயவர் உட்பட, தடையின்றி எடுக்கின்றனர்.' பிறகு 1904: 'பஞ்ச வருடம். தாக்கோர் தம் குதிரைகளுக்கு முன் ஊராருக்குத் தண்ணீர் விடச் சொன்னார்.' கடைசியாக 1937: 'கிணற்றுச் சகடை அரண்மனையால் மாற்றப்பட்டது. சத்தம் பெரிது.'

டீச்சர் மூன்றையும் உரக்க வாசித்தார். 1904இல் இருந்தவர், புகைபோக்கியை மட்டும் பார்த்துவிட்டு வந்த அதே ஏழாமவர். முதல்முறை எழுதும்போது அவரைப் பற்றிச் சொல்ல இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்ததை டீச்சர் கவனிக்காமலே விட்டிருந்தார். அது நெஞ்சில் உறைத்தது. இரண்டாவது பத்தியைத் தட்டி, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

கிஷோர்சிங் படித்தார். முதல் பத்தி: தேஜ்மால் என்ற அரசர் என் கற்பனை, கிணற்றை அவர் கொடுத்ததும் கற்பனை. இரண்டாம் பத்தி: உண்மையில் ஆண்டவர்கள் காலத்தில் ஊரார் அந்தக் கிணற்றில் தடையின்றித் தண்ணீர் எடுத்ததற்கு மூன்று ஆதாரங்கள், பக்க எண்களோடு.

"மேடம், இரண்டாவது பத்தி எனக்கு எதிராக இருக்கிறதே."

"முதல் பத்தி எனக்கு எதிராக இருக்கிறது," என்றார் டீச்சர். "இரண்டும் சேர்ந்துதான் கடிதம். ஒன்றை மட்டும் தர மாட்டேன்."

முப்பது வருடம் வகுப்பறையில் இருந்த குரல் அது. கிஷோர்சிங் காகிதத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். டீச்சர் ஒரு கிண்ணம் சாகோவை அவர் முன்னால் வைத்தார். அவர் அதைச் சாப்பிட்டு, இன்னொரு கிண்ணமும் வாங்கிச் சாப்பிட்டார்.

"எங்கள் தாத்தாவின் அப்பாதான் ஏழாமவர்," என்றார் கடைசியில். "குதிரைகளுக்கு முன்னால் ஊராருக்கு என்றா சொன்னார்? எங்கள் வீட்டில் யாரும் இதைச் சொன்னதே இல்லை. எல்லோரும் புகைபோக்கிக் கதையைத்தான் சொல்வார்கள்." பிறகு டப்பாவைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். "மண்ணெண்ணெயில் எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும், அண்ணா?"

அண்ணா என்ற சொல்லைக் காடி தள்ளும்போது கற்றுக்கொண்டாராம்.

கிரீஸ் டப்பா இந்தியா போய்ச் சேரவில்லை. விமான நிலையத்தில் பிடுங்கிக்கொண்டார்கள். கிஷோர்சிங் ராஜ்கோட்டில் வேறு டப்பா வாங்கி, தாமே கிணற்று மேடையில் ஏறிச் சகடையைக் கழற்றியதாகப் படம் அனுப்பினார். சுற்றிலும் குயவர் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. ஒரு பாட்டி மட்டும் வாயைக் கோணிக்கொண்டு நின்றார். சத்தம் நின்றுபோனதால் அவருக்குக் காலையில் விழிப்பு வருவதில்லையாம். கதவைப் பெயர்த்து எடுத்தார்கள், வழக்கு திரும்பப் பெறப்பட்டது. கற்பனை அரசர்களில் தேஜ்மால் தவிர்த்த நாலு பேரும் அட்டையோடு இறங்கினார்கள். அந்த அறைகளுக்கு இப்போது எண் மட்டுமே. ஏழாம் அறைக்கு டீச்சர் புதிதாக எழுதிக் கொடுத்தார், பணம் வாங்காமல்.

பதினோராம் அறை மட்டும் இழுபறியாக இருந்தது. விருந்தாளிகள் தேஜ்மால் எங்கே என்று கேட்கிறார்கள், ஏதாவது எழுதித் தாருங்கள், ஆனால் உண்மையாக இருக்கட்டும் என்று கிஷோர்சிங் கேட்டுக்கொண்டார். டீச்சர் ஒரு வாரம் அடித்து அடித்து எழுதினார். அட்டை கதவில் ஏறிய படம் வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வேனில் வீடு திரும்பும்போது செபாஸ்டியன் சொன்னார்:

"தமிழ்ல படிச்சிக் காட்டு பியா. மொதத் தடவதான் எனக்குத் தெரியாம எழுதிட்ட."

டீச்சர் போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

"'இந்த அறைக்கு அரசர் இல்லை. முன்பு இங்கே தொங்கிய அட்டையில் இருந்தவர் பிம்ரோலியை ஆண்டதில்லை. மலேசியாவில் ஈப்போவுக்கும் காம்பாருக்கும் இடையே இருபத்தெட்டு வருடம் பஸ் ஓட்டினார். நிறுத்தம் இல்லாத இடத்திலும் கை காட்டியவர்களுக்கு நிறுத்தினார். அதனால் பஸ் எப்போதும் தாமதமாக வந்தது. யாரும் புகார் செய்யவில்லை. நானும் ஒரு மழைநாளில் கை காட்டித்தான் ஏறினேன்.'"

வேன் சிக்னலில் நின்றது. செபாஸ்டியன் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்து பின்னால் ஒருவர் ஹாரன் அடித்த பிறகுதான் கியர் போட்டார்.

"இருபத்தெட்டு இல்லலா, முப்பத்தொண்ணு," என்றார் மெதுவாக. "சரித்திர டீச்சரு, வருசத்த தப்பா எழுதலாமா?"